கம்பெனிக்கு எதற்கு இரகசியம்?

ஒருவர் வக்கீலிடம் வருகிறார். "பொய்ப் பத்திரம் தயாரித்துவிட்டேன், நீங்கள்தான் எனக்காக வாதாட வேண்டும்" என்கிறார். இந்தப் பேச்சை வெளியில் சொல்ல வக்கீலுக்கு அனுமதி கிடையாது. இன்னொருவர் வருகிறார். "கையில் ஒரு பொய்ப் பத்திரம் இருக்கிறது, அதை வைத்து வழக்குப் போட்டு அந்தச் சொத்தை எனக்கு வாங்கிக் கொடுங்கள்" என்கிறார். இந்தப் பேச்சுக்குப் பாதுகாப்பு இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் தன் 126ஆம் பிரிவை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணங்கள் இவை. செய்து முடித்த குற்றத்துக்கு எதிர்வாதம் தேடுவது ஒன்று. செய்யப்போகும் குற்றத்துக்கு வக்கீலைக் கூட்டுச் சேர்ப்பது வேறு. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியமும் தன் 132ஆம் பிரிவில் இதே கோட்டைத்தான் போட்டிருக்கிறது.

இரண்டு உதாரணங்களிலும் வக்கீலுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒரு மனிதர். அவருக்கு வாய் உண்டு, பயம் உண்டு, போக ஒரு சிறையும் உண்டு. அந்த நாற்காலியில் ஒரு கம்பெனி வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது? கம்பெனிக்கு வாய் கிடையாது. யாரோ ஓர் ஊழியர்தான் அதற்காகப் பேச வேண்டும். ஆயிரம் ஊழியர்களில் யார் பேசினால் அது கட்சிக்காரர் பேசியதாகும்? அதே கம்பெனியில் மாதச் சம்பளம் வாங்கும் சட்ட அதிகாரியிடம் பேசினால் அது வக்கீலிடம் பேசியதாகுமா?

இரண்டாவது கேள்விக்கு 2025 அக்டோபர் 31 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் 'ஆகாது' என்று பதில் சொல்லிவிட்டது. அந்தப் பதில் சரியா என்று எடைபோடுவதே இக்கட்டுரையின் வேலை. அதற்கு முன், வக்கீலிடம் பேசியதை இரகசியமாக வைக்கும் இந்தச் சலுகை கம்பெனிக்கு எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். காரணம் தெரியாமல் எல்லை போட முடியாது.

கலமசூவிலிருந்து ஒரு கடிதம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊர். அப்ஜான் என்ற மருந்துக் கம்பெனியின் தலைமையகம் அங்கே இருந்தது. 1976 ஜனவரியில் கணக்குத் தணிக்கையாளர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள்: அப்ஜானின் வெளிநாட்டுத் துணை நிறுவனம் ஒன்று, அரசாங்க ஆர்டர் பிடிப்பதற்காக அந்நாட்டு அதிகாரிகளுக்குப் பணம் கொடுத்திருக்கிறது. விஷயம் கம்பெனியின் தலைமைச் சட்ட அதிகாரி ஜெரார்ட் தாமஸிடம் போனது. அவர் மாதச் சம்பளக்காரர். கம்பெனியின் துணைத் தலைவரும்கூட.

தாமஸ் வெளி வக்கீல்களோடும் கம்பெனித் தலைவரோடும் கலந்து பேசினார். வெளிநாட்டுக் கிளைகளின் மேலாளர்கள் அனைவருக்கும் தலைவர் கையெழுத்தோடு ஒரு கேள்வித்தாள் போனது. யாருக்கு, எவ்வளவு, எதற்காகக் கொடுத்தீர்கள் என்பது கேள்வி. இதை மிக இரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள், பதிலை நேரே தாமஸுக்கே அனுப்புங்கள் என்பது உத்தரவு. பிறகு தாமஸும் வெளி வக்கீல்களும் மொத்தம் 86 பேரை நேரில் உட்காரவைத்துக் கேட்டுக் குறிப்பெடுத்தார்கள். பணம் கொடுத்த சங்கதியைக் கம்பெனி தானாகவே பங்குச் சந்தை ஆணையத்துக்கும் தெரிவித்தது.

அடுத்து வருமான வரித் துறை வந்தது. கேள்வித்தாள்களைக் கொடு, பேட்டிக் குறிப்புகளைக் கொடு என்று சம்மன் அனுப்பியது. கம்பெனி மறுத்தது. கீழ் நீதிமன்றம் கம்பெனிக்குச் சாதகமாக இல்லை. ஆலோசனையைக் கேட்டு அதன்படி முடிவெடுக்கும் உயரதிகாரிகள் சிலர் மட்டுமே 'கட்சிக்காரர்', கிளை மேலாளர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

1981 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரெங்க்விஸ்ட். கம்பெனியை வம்பில் மாட்டிவிடுபவர் பெரும்பாலும் நடுமட்டத்து ஊழியர். வக்கீலுக்குத் தேவையான தகவல் அவரிடம்தான் இருக்கும். அவர் பேச்சுக்குப் பாதுகாப்பு இல்லையென்றால் வக்கீல் எதை வைத்து ஆலோசனை சொல்வார் என்பது தீர்ப்பின் சாரம். கூடவே இன்னொன்றையும் சொன்னது: பாதுகாப்பு பேச்சுக்குத்தான், நடந்த சங்கதிக்கு இல்லை. யாருக்குப் பணம் கொடுத்தீர்கள் என்று அந்த ஊழியர்களையே வரித் துறை தாராளமாகக் கேட்கலாம். கம்பெனி அந்த ஊழியர்களின் பட்டியலை ஏற்கெனவே கொடுத்திருந்தது. வரித் துறை அவர்களில் சுமார் 25 பேரிடம் விசாரணையும் நடத்தியிருந்தது. வக்கீல் உழைத்துச் சேர்த்ததை நோகாமல் வாங்கிக்கொள்ளத்தான் முடியாது.

இந்தத் தீர்ப்பின் பலம் இந்தக் கடைசிப் பகுதியில் இருக்கிறது. கம்பெனிக்குப் பாதுகாப்பு கொடுத்தால் உண்மையே புதைந்துபோகும் என்ற பயத்துக்கு அது நேராகப் பதில் சொல்கிறது. பலவீனமும் கண்ணில் படும்படியே இருக்கிறது. கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத பாதுகாப்பு, இல்லாத பாதுகாப்பைவிடப் பெரிதாக மேல் இல்லை என்று தீர்ப்பு சொல்கிறது. சொல்லிவிட்டு, எல்லா வழக்குக்கும் பொருந்தும் விதி எதையும் நாங்கள் வகுக்கப் போவதில்லை என்று நிறுத்திக்கொள்கிறது. உறுதி வேண்டும் என்று வாதிட்ட அதே கை உறுதியைக் கொடுக்காமல் விட்டது. பிந்திய நாற்பது ஆண்டுக் குழப்பத்துக்கு இதுவும் ஒரு விதை.

பேசுபவர் கையில் கேடயம் இல்லை

அப்ஜான் தீர்ப்பு சொல்லும் காரணத்தை இன்னும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ஊழியர் மனம்விட்டுப் பேசுவதற்காகப் பாதுகாப்பு என்கிறது அது. ஆனால் அந்தப் பாதுகாப்பின் சொந்தக்காரர் ஊழியர் இல்லை, கம்பெனி. கம்பெனி எப்போது வேண்டுமானாலும் அதை விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுத்தால் ஊழியர் சொன்னதெல்லாம் போலீஸ் மேசைக்குப் போகும். 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. கம்பெனி திவாலானால் அதன் பொறுப்பேற்கும் டிரஸ்டி, பழைய நிர்வாகிகளின் பேச்சுக்கு இருந்த பாதுகாப்பையும் விட்டுக்கொடுக்கலாம் என்றது. நேற்று வரை இயக்குநராக இருந்தவர் இன்று அதைத் தடுக்க முடியாது.

அதனால்தான் அமெரிக்காவில் உள்விசாரணை நடத்தும் வக்கீல், பேட்டி தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை சொல்வது வழக்கமானது. அதற்குப் பெயரே 'அப்ஜான் எச்சரிக்கை'. நான் கம்பெனியின் வக்கீல், உங்கள் வக்கீல் இல்லை. நீங்கள் சொல்வதற்கான பாதுகாப்பு கம்பெனியுடையது. கம்பெனி விரும்பினால் அதை வெளியில் கொடுத்துவிடும்: இவ்வளவுதான் அதன் சாரம். இதைக் கேட்ட பிறகும் ஓர் ஊழியர் மனம்விட்டுப் பேசினால் அதற்குக் காரணம் சட்டம் கொடுத்த தைரியமாக இருக்க முடியாது. பேசாவிட்டால் வேலை போய்விடும் என்ற பயமாகத்தான் இருக்கும். பிராட்காம் கம்பெனியின் நிதித் தலைவர் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார். கம்பெனியின் வக்கீல்களிடம் தாம் சொன்னது தமக்கும் உரிய இரகசியம் என்று அவர் வாதிட்டார்; 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆக, வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் பாதிதான் நிற்கிறது. பேசுபவரின் துணிவுக்கு இந்தச் சலுகை பெரிதாக எதுவும் செய்வதில்லை. கேட்பவரின் துணிவுக்குத்தான் இது உதவுகிறது. 86 பேரைக் கூப்பிட்டு, 'என்ன நடந்தது?' என்று கேட்டு, பதிலைக் காகிதத்தில் எழுதிவைக்கக் கம்பெனிக்கு ஒரு தெம்பு வேண்டும். எழுதிய காகிதம் நாளைக்கே தன் மேல் குற்றச்சாட்டாகத் திரும்பும் என்றால் எந்த நிர்வாகமும் கேட்காது, கேட்டாலும் எழுதாது. கம்பெனிக்கு இந்தச் சலுகை இருப்பதற்கு ஒரே உருப்படியான காரணம் இதுதான் என்பது என் வாதம். அதை அளக்கும் கோலும் இதிலிருந்தே கிடைக்கிறது: இந்தச் சலுகையால் கம்பெனி தன்னைத்தானே கேள்வி கேட்டுக்கொள்கிறதா, அல்லது யாரும் கேட்காதபடி கதவைச் சாத்திக்கொள்கிறதா?

ஆங்கிலச் சட்டச் சிந்தனையாளர் பெந்தம் இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேறு கோணத்தில் கேட்டார். நிரபராதிக்கு வக்கீலிடம் மறைக்க ஒன்றுமில்லை, ஆகவே இந்தச் சலுகை குற்றவாளிக்குத்தான் உதவும் என்றார். மனிதர் விஷயத்தில் இதற்குப் பதில் சொல்வது எளிது. தான் நிரபராதியா இல்லையா என்பதே சாதாரண மனிதருக்கு வக்கீலிடம் கேட்டால்தான் தெரியும். கம்பெனி விஷயத்தில் பெந்தமின் கேள்விக்கு வலு அதிகம். அங்கே ஒளிப்பதற்குப் பணமும் ஆளும் இருக்கிறது.

கதவைச் சாத்தியவர்கள்

பெந்தம் பக்கத்துச் சாட்சிகளில் முதலில் நிற்பது அமெரிக்க சிகரெட் தொழில். பிலிப் மோரிஸ் உள்ளிட்ட கம்பெனிகள் மீது அமெரிக்க அரசு போட்ட வழக்கில், 2006 ஆகஸ்டில் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 1,600 பக்கங்களைத் தாண்டிய தீர்ப்பை எழுதினார். புகைப்பதன் கேட்டை மறைக்க இந்தத் தொழில் பல பத்தாண்டுகள் மக்களை ஏமாற்றியது என்பது அவர் கண்ட முடிவு. அந்த ஏமாற்றில் வக்கீல்களுக்கு மையமான பங்கு இருந்ததையும் அவர் பதிவுசெய்தார். எந்த ஆராய்ச்சி நடக்கலாம், எது கூடாது என்று விஞ்ஞானிகளுக்குச் சொன்னது வக்கீல்கள். ஆராய்ச்சி முடிவுகளைத் தங்கள் வழியாகப் போகவைத்து, 'வக்கீல் இரகசியம்' என்று முத்திரை குத்தியதும் அவர்கள்தான். ஆவணங்களை அழிப்பதற்கான கொள்கையிலும் அவர்கள் கை இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை இது. சோறு பரிமாறியது வக்கீல்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நுரையீரல் பற்றிய ஆய்வு எப்படிச் சட்ட ஆலோசனை ஆகும்? வக்கீல் கைபட்டதால் ஒரு காகிதம் புனிதமாகிவிடாது. வெளிச் சட்ட நிறுவனங்களும் இந்த வேலையில் பங்கெடுத்தன என்பதையும் மறக்கக் கூடாது. ஏமாற்றுக்குத் துணைபோக மாதச் சம்பளம் அவசியமில்லை.

இரண்டாவது சாட்சி என் வாதத்துக்கே சங்கடமானது. ஜெனரல் மோட்டார்ஸ் 2014இல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்பப் பெற்றது. சாவி போடும் சுவிட்சில் கோளாறு; ஓடும்போதே எஞ்சின் நின்றுவிடும், ஏர்பேக் திறக்காது. கம்பெனி அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. கம்பெனியின் வேண்டுகோளில் ஆண்டன் வலூக்கஸ் என்ற வெளி வக்கீல் விசாரித்து எழுதிய அறிக்கை அந்த ஆண்டு ஜூனில் வெளியானது. சட்டப் பிரிவின் நடுமட்டத்து வக்கீல்களுக்கு விபத்து வழக்குகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. கம்பெனிக்குத் தண்டனை இழப்பீடு விழக்கூடும் என்று வெளி வக்கீல்கள் எச்சரித்திருந்தார்கள். வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. சட்டப் பிரிவின் தலைவருக்கு 2014 பிப்ரவரி வரை விஷயம் போகவில்லை.

பாதுகாப்புக் கூட்டங்களில் ஏன் குறிப்பெடுக்கவில்லை என்று கேட்டபோது ஊழியர்கள் சிலர் சொன்ன பதில் அறிக்கையில் இருக்கிறது: குறிப்பெடுப்பதைக் கம்பெனி வக்கீல்கள் விரும்பமாட்டார்கள் என்று நினைத்தார்களாம். தாராளமான பாதுகாப்பு உள்ள நாடு அமெரிக்கா. அங்கேயே கேட்கவும் இல்லை, எழுதவும் இல்லை. சலுகை கொடுத்தால் கம்பெனி தானாகவே கேட்கத் தொடங்கிவிடும் என்ற என் நம்பிக்கையை இது பாதியாகக் குறைக்கிறது. சலுகை வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது.

அதே விவகாரத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வலூக்கஸ் அறிக்கை வெளியே வந்தது. அவர் எடுத்த பேட்டிகளின் குறிப்புகளை மட்டும் கேட்டு வாதிகள் போட்ட மனுவை 2015 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளியது. உண்மை பொதுவில் வந்துவிட்டது. வக்கீலின் பேட்டிக் குறிப்பு உள்ளே இருந்தது. கலமசூ வழக்கில் போட்ட கோடு இங்கே ஒழுங்காக வேலை செய்தது.

உப்பிட்டவரும் வக்கீலும்

இப்போது சம்பளத்துக்கு வருவோம். 2003 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையத்தின் அதிகாரிகள் மான்செஸ்டர் அருகே எக்கில்ஸ் என்ற இடத்தில் ஆக்சோ நோபல் குழுமத்தின் துணை நிறுவன அலுவலகத்தில் சோதனை போட்டார்கள். போட்டிச் சட்ட மீறல் பற்றிய விசாரணை. சில காகிதங்களைக் கம்பெனி வக்கீல் இரகசியம் என்றது. சந்தேகம் இருந்தவற்றை அதிகாரிகள் உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். சிலவற்றுக்கு அந்த மரியாதையும் கிடைக்கவில்லை. நேராகக் கோப்புக்குள் போயின. அவற்றில் இரண்டு மின்னஞ்சல்கள், அந்த நிறுவனத்தின் பொது மேலாளருக்கும் ஆக்சோவில் சம்பளம் வாங்கும் உள் வக்கீலுக்கும் இடையே நடந்தவை. அந்த உள் வக்கீல் நெதர்லாந்து பார் அமைப்பில் முறையாகப் பதிவு பெற்றவர்.

2010 செப்டம்பர் 14 அன்று லக்சம்பர்க்கில் ஐரோப்பிய நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பார் பதிவும் தொழில் ஒழுக்க விதிகளும் இருந்தாலும், சம்பளம் வாங்குபவர் பொருளாதார ரீதியில் முதலாளியைச் சார்ந்திருக்கிறார். வெளி வக்கீலுக்கு உள்ள சுதந்திரம் அவருக்கு இல்லை என்பது காரணம். நம் ஊர் மொழியில் சொன்னால், உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பவர் எப்படி உண்மையை முகத்துக்கு நேரே சொல்வார்?

இங்கிலாந்தில் நீதிபதி டென்னிங் பிரபு 1972இலேயே இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருந்தார். உள் வக்கீல் ஒரே கட்சிக்காரருக்கு வேலை செய்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். கடமையும் ஒழுக்கமும் ஒன்றே, பாதுகாப்பும் ஒன்றே என்றார். ஆனால் இங்கிலாந்து வேறு பக்கத்தில் சறுக்கியது. பி.சி.சி.ஐ. வங்கி 1991இல் கவிழ்ந்த விவகாரத்தில் பேங்க் ஆஃப் இங்கிலாந்து மீது வந்த வழக்கில், வக்கீல்களோடு பேச அமைக்கப்பட்ட சிறு குழுவே கட்சிக்காரர், மற்ற ஊழியர்கள் இல்லை என்று 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலமசூவின் கிளை மேலாளர்கள் லண்டனில் இருந்திருந்தால் பாதுகாப்பு கிடைத்திருக்காது. 2018இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம், தனக்கு அதிகாரம் இருந்தால் அந்தத் தீர்ப்பிலிருந்து விலகியிருப்போம் என்றது. விலகும் வேலையை அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு விட்டது.

ஐரோப்பிய வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. சார்ந்திருப்பவரை மறைப்புக்குப் பயன்படுத்துவது எளிது என்பது உண்மை. ஆனால் சார்பு என்பது சம்பளப் பட்டியலில் மட்டுமா இருக்கிறது? ஒரே பெரிய கட்சிக்காரரின் கட்டணத்தில் அலுவலகம் நடத்தும் வெளி வக்கீலும் அதே உப்பைத்தான் தின்கிறார். சம்பளம் ஓர் அறிகுறி. நோய் அது இல்லை.

டெல்லியின் பதில்

2025இல் நம் நாட்டில் இந்தக் கேள்வி எழுந்த விதமே தனி. சென்னையைச் சேர்ந்த மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாதாருக்கு அமலாக்கத் துறை சம்மன் அனுப்பியது. ஒரு காப்பீட்டுக் கம்பெனி தன் பங்குகளை உயர் நிர்வாகி ஒருவருக்கு ஒதுக்கியது தொடர்பாக அவர் எழுதிக் கொடுத்த சட்டக் கருத்துதான் காரணம். வழக்கறிஞர் சங்கங்கள் கொதித்தன. சம்மன் திரும்பப் பெறப்பட்டது. வழக்கறிஞர் பிரதாப் வேணுகோபாலுக்கும் சம்மன் போயிருந்தது. குஜராத்தில் ஒரு வழக்கறிஞருக்குப் போலீஸ் அனுப்பிய நோட்டீஸும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தது. நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

அப்போதைய தலைமை நீதிபதி கவாய், நீதிபதிகள் வினோத் சந்திரன், அஞ்சாரியா அடங்கிய அமர்வின் தீர்ப்பு, வெளி வழக்கறிஞர்களுக்கு வலுவான வேலி போட்டது. சட்டமே சொல்லும் விதிவிலக்குக்குள் வந்தாலொழிய விசாரணை அதிகாரி வழக்கறிஞரை அழைக்க முடியாது. அப்படி அழைத்தாலும் எந்த விதிவிலக்கு என்று எழுத வேண்டும். காவல் கண்காணிப்பாளர் அந்தஸ்துக்குக் குறையாத மேலதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். இந்தப் பகுதியைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை.

உள் வக்கீல்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். 132ஆம் பிரிவு 'அட்வகேட்' என்கிறது. பார் கவுன்சில் விதி 49இன்படி முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் அட்வகேட்டாகத் தொழில் செய்ய முடியாது. ஆகவே அவருக்கு 132 பொருந்தாது. அவர் முதலாளியின் வணிக நோக்கங்களுக்குக் கட்டுப்பட்டவர் என்று, ஆக்சோ தீர்ப்பையும் துணைக்கு அழைத்து நீதிமன்றம் சொன்னது. கம்பெனிக்காக அவர் வெளிச் சட்ட ஆலோசகருக்கு எழுதுவதற்கு 134ஆம் பிரிவின் பாதுகாப்பு உண்டு. முதலாளிக்கும் அவருக்கும் இடையே நடக்கும் பேச்சுக்கு அது கிடையாது.

சட்டத்தின் சொல்லை வைத்துப் பார்த்தால் 132 பற்றிய வாசிப்பு சரிதான். 'அட்வகேட்' என்று நாடாளுமன்றம் எழுதியிருக்கும்போது நீதிமன்றம் வேறு எதையும் படிக்க முடியாது. 134 பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அங்கே சட்டம் 'சட்ட ஆலோசகர்' என்ற வேறு சொல்லைப் போட்டிருக்கிறது. அருகருகே உள்ள பிரிவுகளில் சொல் மாறினால் பொருளும் மாறும் என்பது சட்ட வாசிப்பின் அரிச்சுவடி. பம்பாய் உயர் நீதிமன்றம், பழைய சட்டத்தின் கீழ், சம்பளச் சட்ட ஆலோசகருக்கும் பாதுகாப்பு உண்டு என்று ஒரு வழக்கில் ஏற்றிருந்தது. கதவு கொஞ்சம் திறந்திருந்த இடத்தில் உச்ச நீதிமன்றம் தாழ்ப்பாள் போட்டுவிட்டது.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கம்பெனியில் பார்ப்போம். மருந்து தயாரிக்கும் தொழிற்சாலை. ஒரு பேட்சின் பரிசோதனை முடிவு சரியில்லை என்று தரக் கட்டுப்பாட்டு அதிகாரி சொல்கிறார். நிர்வாக இயக்குநருக்கு முதலில் தோன்ற வேண்டிய கேள்வி: இதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டுமா, சரக்கைத் திரும்பப் பெற வேண்டுமா? கேட்க வேண்டிய ஆள் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் லீகல் மேனேஜர். இன்றைய நிலையில் அந்தக் கேள்வியை மெயிலில் எழுதினால் அது நாளைய ஆதாரம். ஆகவே இயக்குநர் எழுதமாட்டார். போனில் பேசுவார், அல்லது பேசவே மாட்டார். விவரம் தெரிந்தவராக இருந்தால் ஒவ்வொரு மெயிலிலும் வெளி வக்கீலின் பெயரை ஒப்புக்குச் சேர்த்துவிடுவார். அந்த வக்கீல் படிப்பாரா என்பது வேறு விஷயம்.

பெரிய குழுமத்துக்கு இது செலவுக் கணக்கு மட்டுமே. எல்லாவற்றையும் வெளிச் சட்ட நிறுவனம் வழியாக நடத்திக்கொள்ளும். சின்னக் கம்பெனிக்கு லீகல் மேனேஜரே கிடையாது; முதலாளி நேராக வக்கீலிடம் போவார், பாதுகாப்பும் கிடைக்கும். அடிபடுவது நடுத்தரக் கம்பெனி. சட்ட மீறலை முளையிலேயே கண்டு நிறுத்தக்கூடிய ஒரே மனிதரிடம் கேட்க அங்கே ஆளுக்குத் தயக்கம் வருகிறது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போலாகிவிடுகிறது.

தீர்ப்பின் பக்கத்தில் ஒரு வலுவான வாதம் மிச்சமிருக்கிறது. நம் கம்பெனிகளில் சட்ட அதிகாரி சட்டம் மட்டும் பார்ப்பதில்லை. ஒப்பந்தப் பேரம், விதிமுறைக் கணக்கு, சில இடங்களில் கம்பெனிச் செயலாளர் வேலை எல்லாம் அவர் தலையில்தான். அவர் மேசைக்கு வரும் காகிதம் எல்லாவற்றையும் இரகசியம் என்றால் சிகரெட் கம்பெனிகளின் கதைதான் திரும்பும். அமெரிக்காவிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஈராக் ஒப்பந்தம் தொடர்பான ஒரு வழக்கில் 2014இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்ட ஆலோசனை முக்கிய நோக்கங்களில் ஒன்றாக இருந்தாலே போதும் என்று கதவை அகலத் திறந்தது. 2021இல் மேற்குக் கடற்கரை மாநிலங்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம், தலையாய நோக்கம் அதுவாக இருக்க வேண்டும் என்ற குறுகலான அளவுகோலை எடுத்தது. எது சரி என்று சொல்ல எடுத்த வழக்கை 2023 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதில் சொல்லாமலே கைவிட்டது. நமக்குப் பொருந்துவது குறுகலான அளவுகோல்தான். வணிக முடிவுக்கு ஒப்புக்காகச் சட்டச் சாயம் பூசிய காகிதம் அதில் தப்பாது.

முடிவு

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 132ஆம் பிரிவின் எழுத்தைச் சரியாகப் படித்தது. கேள்வியைத் தவறான இடத்தில் முடித்தது. சம்பளம் வாங்குகிறாரா என்று கேட்டது. எதற்காகக் கேட்கப்பட்ட ஆலோசனை என்று கேட்டிருக்க வேண்டும். இதை இனி நீதிமன்றம் சரிசெய்வதைவிட நாடாளுமன்றம் சரிசெய்வதே முறை.

செய்ய வேண்டிய திருத்தம் சின்னது. ஆனால் இலவசமாகக் கொடுக்கக் கூடாது. சட்டப் பட்டம் பெற்ற உள் வக்கீலிடம், சட்ட ஆலோசனையைத் தலையாய நோக்கமாகக் கொண்டு நடக்கும் பேச்சுக்குப் பாதுகாப்பு வேண்டும். பேசியவர் இயக்குநரானாலும் ஷிப்ட் சூப்பர்வைசரானாலும் சரி. பரிசோதனை முடிவு, கணக்கு, கடிதம் போன்ற நடந்த சங்கதிகளுக்கு அந்தப் பாதுகாப்பு ஒருபோதும் கூடாது. தகராறு வந்தால் நீதிபதி காகிதத்தைத் தனியே பார்த்து முடிவு செய்யட்டும். இரண்டையும்விட முக்கியமானது மூன்றாவது. உயிருக்கோ பணத்துக்கோ பெரிய கேடு தெரியவந்தால் அதை இயக்குநர் குழு வரை எழுத்தில் கொண்டுபோகும் கடமை அந்த உள் வக்கீலுக்கு இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டின் சார்பேன்ஸ்–ஆக்ஸ்லி சட்டம் பங்குச் சந்தைச் சட்ட மீறல்களுக்கு இப்படியொரு கடமையை வைத்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸில் சாவி சுவிட்ச் விஷயம் நடுமட்டத்திலேயே தங்கிவிட்டதை நினைத்தால், அந்தக் கடமையைப் பங்குச் சந்தையோடு நிறுத்தக் கூடாது. கடமையைச் செய்யாத இடத்தில் பாதுகாப்பும் போய்விட வேண்டும்.

அந்தத் திருத்தம் வரும்வரை இந்தியக் கம்பெனியில் வேலை பார்ப்பவர் நினைவில் வைக்க வேண்டியது இரண்டு. உங்கள் லீகல் மேனேஜருக்கு எழுதும் மெயிலை நாளை விசாரணை அதிகாரி படிக்கலாம். வெளி வக்கீலிடம் நீங்கள் சொல்வது காக்கப்படும். ஆனால் அந்தக் காப்பு உங்களுடையதல்ல, கம்பெனியுடையது.